சமநிலையும் சுவையும்: புதிதாக ஆட்டம் நடத்த வருபவருக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை ஆடும் ஆட்டத்தை, நண்பர்களுக்காக முதன்முறையாக நடத்தப்போகிறவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். விதிநூலை ஒருமுறையாவது புரட்டியிருப்பீர்கள். நான்கு பேர் பாத்திரங்களை உருவாக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர், விதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, எதிரியை ஓரிரு வீச்சில் சாய்த்துவிடும் போர்வீரரோடு வருவார். இன்னொருவர், மடப்பள்ளியில் வளர்ந்து இரும்புக் கரண்டியையே ஆயுதமாகத் தூக்கும் மதகுருவோடு வருவார். போர்வீரரின் எண்கள் மதகுருவை ஓரங்கட்டிவிடுமோ என்ற கவலையும், எண்களைத் திருத்தப்போய் அந்தக் கரண்டியின் அழகைக் கெடுத்துவிடுவோமோ என்ற கவலையும் ஒருசேர உங்களைப் பிடித்துக்கொள்ளும். முன்னதைச் சமநிலை என்றும் பின்னதைச் சுவை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரை நடத்துநர் என்றே அழைக்கிறேன். அந்தச் சொல் பேருந்தை நினைவூட்டினால் ஊட்டட்டும், ஏறியவர் எல்லோருக்கும் இடம் பிடித்துக்கொடுப்பதுதான் இரண்டு வேலைகளிலும் பெரும்பகுதி.

எல்லாப் பாத்திரங்களும் ஒரே அளவு சேதம் விளைவிக்க வேண்டும் என்று சமநிலைக்குப் பொருள் கொள்பவர்கள் வெகு சீக்கிரம் களைத்துப்போவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கதையின் போக்கைத் திருப்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே அளவில் வாய்க்கிறதா என்று பார்ப்பதே போதுமானது என்பது என் கருத்து. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரே அளவுகோலிலிருந்து வருபவை.

இந்தச் சிக்கல் ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே உடன் வருவது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பு, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. 1981-இல் வந்த பேசிக் பதிப்பில் இரண்டாம் லெவலை, அதாவது ஆற்றலின் அடுத்த படியை, எட்டத் திருடருக்கு 1,200 அனுபவப் புள்ளிகள் போதும். போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500, எல்ஃப் என்ற மாய இனத்தவருக்கு 4,000 தேவை. தொடக்கத்தில் மந்திரவாதி நாளுக்கு ஒரே ஒரு மந்திரத்தோடு நடுங்கிக்கொண்டிருப்பார். பல மாதங்கள் உயிரோடு இருந்தால் பிறகு மலையையே அசைப்பார். அதாவது சமநிலை நீண்ட காலக் கணக்கில் பார்க்கப்பட்டது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதற்கு நேர் எதிரான வழியில் சென்று, ஏறக்குறைய எல்லாப் பாத்திர வகைகளுக்கும் ஒரே சட்டகத்தில் திறன்களை அடுக்கியது: எப்போதும் பயன்படுத்தக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. கணக்கு நேர்த்தியாக இருந்தது. ஆனால் யாரை ஆடினாலும் ஒரே ஆளை ஆடுவது போல் இருக்கிறது என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. என் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து வருபவை.

முதல் படி: எந்த மாதிரி ஆட்டம் என்பதைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்

செஷன் ஜீரோ என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் முதல் சந்திப்பில், பகடையைத் தொடுவதற்கு முன், பாத்திரங்கள் சாகலாமா, சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்பதைக் கேட்டுவிடுங்கள். சமநிலை என்று எதைச் சொல்கிறோம் என்பதே இந்தப் பதிலைப் பொறுத்து மாறும். 1981-இல் வெளியான கால் ஆஃப் கதுலுவில் பாத்திரங்கள் எதிரிகளின் முன் தூசுதான். அச்சத்தைத் தேடியே அந்த மேசைக்கு வருவதால் யாரும் அதை அநியாயம் என்பதில்லை. 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிகா இன்னும் ஒரு படி மேலே போய், பேராற்றல் கொண்ட மந்திரவாதிகளையும் அவர்களுடைய சாதாரணக் காவலாட்களையும் ஒரே கதையில் நடமாட விட்டது. இன்று மந்திரவாதியாக ஆடியவர் அடுத்த முறை காவலாளாக ஆடுவார் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. பாத்திரங்களுக்கு இடையே சமநிலை துளியும் இல்லை, ஆடுபவர்களுக்கு இடையே இருக்கிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்

‘என் பாத்திரம் யார், எதில் கெட்டிக்காரர்’ என்று ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியத்தைப் பாத்திரத் தாளிலுள்ள எண்களோடு ஒத்துப்பாருங்கள். வாக்கியம் சொல்வதை எண்கள் செய்யவில்லை என்றால் அதுதான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம்.

இதற்கு எல்லோரும் சுட்டிக்காட்டும் எடுத்துக்காட்டு, 2014 விதிநூலின் ரேஞ்சர் வகையில் வரும் பீஸ்ட் மாஸ்டர். ஓநாயோ சிறுத்தையோ நிழல்போல் உடன் வரும் வனவாசி என்ற சித்திரம் யாரையும் இழுக்கும். ஆனால் தொடக்க லெவல்களில், அந்த விலங்கு தாக்க வேண்டுமானால் ரேஞ்சர் தம்முடைய முறையின் முதன்மைச் செயலையே அதற்குக் கட்டளையிடச் செலவழிக்க வேண்டும். ஓநாய் கடித்தால் ரேஞ்சர் வில்லைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். இருவர் சேர்ந்து வேட்டையாடுவோம் என்று நம்பி வந்தவருக்கு, இருவரில் ஒருவர் வேடிக்கை பார்க்கும் ஆட்டம் கிடைத்தது. 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற துணைநூலில், முதன்மைச் செயலைச் செலவிடாமல் போனஸ் செயல் என்ற கூடுதல் சிறு செயலைக் கொண்டே விலங்கை ஏவலாம் என்று மாற்று விதி தந்த பிறகுதான் சித்திரமும் எண்ணும் ஒத்துப்போயின. உங்கள் மேசையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த நூல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: தோற்றத்தைத் தாராளமாக மாற்றுங்கள், எண்ணைத் தொடும்போது மட்டும் யோசியுங்கள்

மதகுருவின் கரண்டியை எடுத்துக்கொள்வோம். விதிநூலிலுள்ள மேஸ் என்ற தண்டாயுதத்தின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரையும் தோற்றத்தையும் மட்டும் கரண்டியாக்கிவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. புதியவர்கள் இந்த எளிய வழியை மறந்துவிட்டுப் புது ஆயுதத்துக்குப் புது விதி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சிலம்பம் கற்ற ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து, தம் பாத்திரத்துக்குச் சுருள்வாள் வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். விதிநூலில் அது இல்லை. ஆனால் சாட்டை இருக்கிறது: நான்கு முகப் பகடை அளவு சேதம், பத்தடி தூரம்வரை எட்டும், வலிமைக்குப் பதில் லாவகத்தைக் கொண்டு வீசலாம். இந்த எண்களையே சுருள்வாளுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. அவர், ‘இவ்வளவு அபாயமான ஆயுதத்துக்கு நான்கு முகப் பகடை அவமானம், எட்டு முகம் தாருங்கள்’ என்று கேட்கக்கூடும். ஒரு கையில் பிடித்து, லாவகத்தால் வீசி, பத்தடி எட்டி, எட்டு முகப் பகடையை உருட்டும் ஆயுதம் விதிநூலில் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போது கவனியுங்கள். அதைக் கொடுத்தால், கிளேவ் என்ற நெடுங்கோல் வாளை இரு கைகளாலும் பிடித்திருக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் தம் தேர்வை நினைத்து வருந்துவார். எட்டு முகம்தான் வேண்டும் என்றால் எட்டும் தூரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். ரேப்பியர் வாளின் எண்கள் அப்படியே பொருந்திவிடும்.

மந்திரங்களிலும் இதே நெறிதான். தீப்பந்தை ஆயிரம் தீக்குருவிகளாக வருணிக்கலாம். சேதம் நெருப்புச் சேதமாகவே இருக்கட்டும். சேதத்தின் வகையை மாற்றுவது தோற்ற மாற்றம் போலத் தெரிந்தாலும் அது எண்ணைத் தொடுவதாகும்: நஞ்சுக்கு அசையாத அரக்கர்கள் ஏராளம், ஃபோர்ஸ் எனப்படும் வகைக்கு அசையாதவர்கள் மிகச் சிலர்.

விதிநூலை எழுதியவர்களே சுவைக்காக எண்ணை மீறிய இடமும் இந்தத் தீப்பந்துதான். புது மந்திரம் உருவாக்குபவர்களுக்காக 2014 நடத்துநர் நூலில் தரப்பட்டுள்ள அட்டவணைப்படி, பலரைத் தாக்கும் மூன்றாம் லெவல் மந்திரத்துக்கு ஆறு முகப் பகடைகள் ஆறு, அதாவது சராசரி 21 சேதம். தீப்பந்துக்கோ எட்டுப் பகடைகள், சராசரி 28. தீப்பந்து என்றால் தீப்பந்தாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏழு புள்ளிகளைக் கூடுதலாகக் கொடுத்தது பொருத்தம்தான் என்று நினைக்கிறேன். எல்லா மந்திரங்களுக்கும் அதே சலுகையை நீட்டினால் அதற்குப் பெயர் சலுகையாக இருக்காது.

நான்காம் படி: சண்டையில் உயிர்ப்புள்ளியை விட முறைகளை எண்ணுங்கள்

நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தில், முதல் லெவலில் இருந்த நான்கு பேருக்கு எதிராக ஓர் ஓகரை நிறுத்தினேன். ஒரே ஒரு அரக்கன்தானே என்று நினைத்தேன். அதன் கதாயுதத்தின் முதல் அடி 17 சேதம். பட்டது 7 உயிர்ப்புள்ளிகள் (ஒரு பாத்திரம் தாங்கும் சேதத்தின் அளவு) கொண்ட மந்திரவாதியின் மீது. பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மிஞ்சும் சேதம் மொத்த உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் உடனடி மரணம் என்பது விதி. அவர் மீதி இரண்டு மணி நேரத்தைப் புதுப் பாத்திரம் எழுதுவதில் கழித்தார். பின்பு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எட்டு முகப் பகடைகள் இரண்டை உருட்டி நான்கைக் கூட்டும் அந்த அடி, பட்டுவிட்டால், 7 புள்ளிக்காரரை எழ முடியாமல் கொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 44 விழுக்காடு. ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிவிட்டு ஒருவருடைய மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாகக் காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் நால்வரை நிறுத்தியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்குமா என்று கேட்டால், அதுவும் இல்லை. அபாயம் வேறு இடத்தில் இருக்கும். ஓகருக்கு 59 உயிர்ப்புள்ளிகள், நான்கு காப்ளின்களுக்கும் சேர்த்து 28 மட்டுமே. ஆயினும் அடிபடாமல் தப்பும் அளவைக் குறிக்கும் கவச எண் 15 உள்ளவர்களைத் தாக்கும்போது ஓகர் ஒரு சுற்றில் விளைவிக்கும் சராசரிச் சேதம் எட்டுக்குச் சற்றுக் கீழே. நான்கு காப்ளின்கள் சேர்ந்து விளைவிப்பது பதினொன்று. காரணம் எளிது: ஓகருக்குச் சுற்றுக்கு ஒரு முறை, காப்ளின்களுக்கு நான்கு. எந்தப் பக்கம் அதிக முறைகள் கிடைக்கின்றனவோ அந்தப் பக்கம் தராசு சாயும். ஆக்‌ஷன் எகானமி என்று ஆட்டக்காரர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

2014 நூல் இதற்காக ஒரு பெருக்கல் எண்ணை வைத்திருந்தது. காப்ளின் ஒன்றுக்கு 50 அனுபவப் புள்ளிகள், நான்குக்கு 200, மூன்று முதல் ஆறு எதிரிகள்வரை இரண்டால் பெருக்க வேண்டும் என்பதால் 400. முதல் லெவலில் நான்கு பேருக்கு உயிர்க்கொல்லிச் சண்டையின் எல்லையும் அதே 400. 2024-இல் திருத்தி வெளியிட்ட நூல் இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. அதன் கணக்கில் அதே 200 புள்ளிகள் நான்கு பேருக்கு லேசான சண்டை. அதே நான்கு காப்ளின்கள், அதே நான்கு பேர், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள். ஆகவே அட்டவணையைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக மூன்றாம் லெவலை எட்டும்வரை ஒற்றைப் பகடையே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிடும் என்பதை மறவாதீர்கள்.

எண்ணைக் கூட்டிக் குறைக்காமலே சண்டையைச் சமன்செய்ய ஒரு வழி உண்டு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தமானது: எதிரிக்கு ஒரு விருப்பத்தைக் கொடுங்கள். ஓகர் பசியோடு இருக்கிறது. அதற்கு மந்திரவாதி மீது பகை ஏதும் இல்லை, குழுவினர் ஓட்டிவந்த கழுதை மீதுதான் கண். காப்ளின்கள் கோழைகள், இருவர் விழுந்தால் மற்றவர் ஓடுவார்கள், ஓடும்போது ஒரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சண்டையின் அபாயம் பாதியாகக் குறைகிறது, கதைக்கோ புதிதாக ஒரு காரியம் கிடைக்கிறது. சமநிலைக்காகச் சுவையை வெட்ட வேண்டியிருக்கும் என்று அஞ்சுபவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

ஐந்தாம் படி: ஓய்வை நீங்கள் தீர்மானியுங்கள்

போர்வீரரை விட மந்திரவாதி எப்போதும் மேலோங்கி நிற்கிறார் என்ற புகார் வந்தால், விதிகளைத் திருத்துவதற்கு முன் நாட்களை எண்ணுங்கள். 2014 நூல், செலவான மந்திரங்களைத் திரும்பத் தரும் இரவுத் தூக்கமான ஒரு நெடிய ஓய்வுக்கும் அடுத்த நெடிய ஓய்வுக்கும் இடையில் ஆறு முதல் எட்டுவரை நடுத்தர அல்லது கடினமான மோதல்களை ஒரு குழு தாங்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. நடைமுறையில் பல மேசைகளில் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோதான் நடக்கின்றன. மந்திரங்களைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியவர், எல்லாவற்றையும் ஒரே சண்டையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். குறுகிய ஓய்விலேயே திறன்கள் திரும்பக் கிடைக்கும் போர்வீரரின் நன்மை யார் கண்ணிலும் படுவதில்லை. பௌர்ணமிக்குள் கோயிலை அடைய வேண்டும் என்பது போல ஒரு கெடுவைக் கதைக்குள் வைத்தால் பாதி தீர்ந்துவிடும். உங்கள் கதை பயணங்களால் ஆனதென்றால், நடத்துநர் நூலே தரும் மாற்று விதிப்படி குறுகிய ஓய்வை எட்டு மணி நேரமாகவும் நெடிய ஓய்வை ஏழு நாட்களாகவும் ஆக்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆறாம் படி: யாருக்கு எந்த இடம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் படியில் வாங்கிய வாக்கியங்களை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அடுத்த அமர்வில் அவருக்கு மட்டும் உரிய ஒரு காட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டைத் திறப்பவருக்குப் பூட்டு, ஒப்பந்தம் பேசுபவருக்குப் பேராசைக்கார வணிகர்.

அந்தக் காட்சியை இன்னொருவர் ஒரே மந்திரத்தில் பறித்துவிடுவது உண்டு. இங்கே நாக் என்ற இரண்டாம் லெவல் மந்திரத்திடம் பாடம் கற்கலாம். அது எந்தப் பூட்டையும் நொடியில் திறக்கும். ஆனால் அப்போது எழும் பலத்த தட்டொலி 300 அடி தூரம்வரை கேட்கும். ஊரே விழித்துக்கொள்ளும் அந்த ஓசைதான் திருடரின் வேலையைக் காப்பாற்றுகிறது. எண்ணில் ஒரு குறைப்பும் இல்லை, கதைக்குள்ளேயே விலை வைத்தாயிற்று. இதற்கு மாறாக, 2014 ரேஞ்சரின் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் திறனைப் பாருங்கள்: தமக்குப் பழகிய நிலத்தில் அவர் இருந்தால் குழு மந்திரத்தால் அன்றி வழி தவறவே தவறாது. காட்டில் வழி தேடும் சுவைக்காகவே அந்தப் பாத்திரத்தை எடுத்தவருக்கு, வழி தேடும் காட்சியே இல்லாமல் போகிறது. வல்லமை கிடைத்தது, ஆடுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தகைய திறன் உள்ளவரிடம் ‘நீங்கள் தவறவில்லை’ என்று கடந்துபோகாமல், ‘இரண்டு தடங்கள் தெரிகின்றன, ஒன்று விரைவானது, மற்றதில் புதிய காலடிகள், எது?’ என்று கேளுங்கள்.

அழகாக வருணிப்பவருக்குப் பரிசாக அட்வான்டேஜ் கொடுக்கும் வழக்கத்திலும் எச்சரிக்கை தேவை. இருபது முகப் பகடையில் 11 தேவைப்படும் முயற்சிக்கு 50 விழுக்காடாக இருந்த வாய்ப்பு, இரண்டு பகடைகளில் பெரியதை எடுத்துக்கொள்ளும்போது 75 ஆகிவிடுகிறது. மந்திர வாள் தரும் கூடுதல் ஒன்று வெறும் ஐந்து விழுக்காடுதான். அட்வான்டேஜை ஒவ்வொரு வருணனைக்கும் வாரி வழங்கினால் பேச்சு வன்மை உள்ளவரே எப்போதும் வெல்வார், கூச்ச சுபாவம் உள்ளவர் இன்னும் சுருங்கிப்போவார். வருணனைக்கு உலகம் பதில் சொல்வதே நல்ல பரிசு: காவலர் சிரிக்கிறார், கூட்டம் வழிவிடுகிறது.

ஏழாம் படி: உறுத்தும்போது மட்டும் திருத்துங்கள்

காகிதத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வுகள் பல, மேசையில் யாருக்கும் தெரிவதே இல்லை. யாராவது சோர்ந்து உட்கார்ந்திருந்தால் மட்டும் கை வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் ஒருவரின் திறனைக் குறைக்காதீர்கள். அவர் விதிப்படிதான் உருவாக்கினார், எல்லோர் முன்னிலையிலும் பறிப்பது தண்டனையாகப் படும். ஆட்டம் முடிந்தபின் தனியே பேசுங்கள். பெரும்பாலும் வலியவரைக் குறைப்பதை விட மெலியவரைத் தூக்கிவிடுவது எளிது. இதற்கு விதிநூலே கருவிகள் தருகிறது: அணிபவரின் வலிமையை 19 ஆக்கும் ஓகர் பவர் கையுறைகள், வலிமை 12-இல் தடுமாறும் மதகுருவுக்குப் பெரும் பேறு, ஏற்கெனவே 20 வைத்திருக்கும் போர்வீரருக்கு அவை வெறும் தோல். யார் எடுத்துக்கொள்வது என்ற சண்டை எழவே எழாது. எந்தத் திருத்தத்தையும் மூன்று அமர்வுகளுக்கு என்று சொல்லியே தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் சங்கடமின்றித் திரும்பப் பெறலாம்.

ஒவ்வோர் அமர்வின் முடிவிலும், பகடைகளைப் பையில் போடும் நேரத்தில், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இன்று எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு வரும் தயக்கமான பதிலைத்தான் எழுதிவைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் ஒரே பெயர் அங்கே எழுதப்பட்டால், மூன்றாம் அமர்வின் முதல் காட்சியை அவருக்கு ஒதுக்குங்கள். அது சண்டையாக இருக்க வேண்டியதில்லை. கரண்டி மதகுரு என்றால், அரண்மனைச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் திடீரென்று காணாமல் போயிருக்கட்டும்.